பதினோரு மணி டீ

என் வாய் பொல்லாதது என்று ஊரே சொல்லும். கச்சிராயபாளையத்தில் அணைக்குப் போகிற ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடுமா? ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பெஞ்சைத் தேய்க்கிறவனை எழுப்ப வேண்டும். கரும்பு டிராக்டரைக் கடை வாசலிலேயே நிறுத்துகிறவனை ஏச வேண்டும். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தில் மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டிய விஷயமே அது ஒன்றுதான்.

என் தங்கச்சி எனக்கு நாலு வயது இளையவள். பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்தோம். அவள் வீட்டுக்காரர் கரும்பு வெட்டுக்குப் போகிறவர், அவளும் களை எடுக்கப் போவாள். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஒன்றும் தங்கவில்லை. மாமியார்க்காரி பேசாத பேச்சு இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த பிறகும் அவள் மட்டும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டுக்கொண்டு கிடப்பாள். கடையைத் திறக்க நேரமாகிறதே என்று நான் வெளியிலிருந்து கத்துவேன். ஆறாவது வருஷம் நாள் தள்ளிப்போயிற்று. அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோருக்கும் டீயோடு ஒரு வடை சும்மா கொடுத்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். பெஞ்சு நிறையப் பெண்கள், கீழே உட்கார்ந்தவர்கள் அதைவிட அதிகம். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நர்சம்மா அட்டையில் எட்டு என்று எழுதி, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

"ரத்தம் பதினொண்ணாச்சும் இருக்கணும்மா. உனக்கு எட்டுதான் கீது. உடம்புல இரும்புச் சத்தே இல்ல. இப்பிடியே இருந்தா மாசம் முடியறதுக்கு முன்னாடியே புள்ள பொறந்துடும், எடையும் கம்மியா இருக்கும். பிரசவத்துல மத்தவங்களுக்குப் போற ரத்தம் போனாக்கூட நீ தாங்க மாட்டே. புரியுதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நர்சம்மாவும் என்னைப் பார்த்தார்.

"நீதான் அக்காவா? தெனமும் உன் கண்ணெதிர்ல மாத்திரை போட வை. இவுங்கள நம்ப முடியாது, வாங்கிகினு போயி குப்பையில போட்டுடறாங்க."

"என் பொறுப்புங்க" என்றேன்.

நர்சம்மா அப்புறமும் ஏதோ சொன்னார். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, வரிசையில் இருந்தவள் என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தாள். கடையில் என் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறாரே, பாலைப் பொங்க விட்டிருப்பாரே என்று என் நினைப்பு அங்கே இருந்தது. சரிங்க, சரிங்க என்று தலையாட்டினேன். மாத்திரை அட்டைகளோடு ஒரு துண்டு நோட்டீஸும் கொடுத்தார். அதை மடித்து, ரத்த அளவு எழுதின அட்டைக்குள் வைத்து, அழுக்குப்படக் கூடாது என்று பாலிதீன் கவரில் போட்டு, கடையில் பாய்லருக்கு மேலே இருக்கிற ஆணியில் மாட்டினேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் தண்ணீரோடு போட்டாள். தொண்டையைத் தாண்டினதும் அப்படியே வெளியே வந்துவிட்டது.

"ஆணிய நக்குற மாதிரி கீதுக்கா. என்னால முடியாது."

"முடியாதா? அஞ்சு வருசம் மாதாகிட்ட அழுது வாங்கினது இதுக்குத்தானா? வாயத் தொறடி."

மறுநாளும் வாந்தி. மூன்றாம் நாள்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, டிகாஷனைக் கெட்டியாக இறக்கி, நாட்டுச் சர்க்கரை போட்டு ஒரு டீ போட்டேன். நாட்டுச் சர்க்கரையில் இரும்புச் சத்து இருக்கிறது என்று யாரோ போனில் சொன்னதைக் கேட்டிருந்தேன். ஒரு வாய் டீ, மாத்திரை, மறுபடி ஒரு வாய் டீ. இறங்கிவிட்டது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நம்ம டீயோட போனா தெரியவே இல்லக்கா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய டாக்டருக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் பதினோரு மணி. காலைக் கூட்டம் ஓய்ந்து, மலை பஸ் வருவதற்கு முன்னால் கடை கொஞ்சம் காலியாக இருக்கிற நேரம் அது. அவள் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். நான் டீயைப் போட்டுக்கொண்டு எதிரிலேயே இடுப்பில் கையை வைத்து நிற்பேன். கரும்பு லாரி டிரைவர் ஒருத்தர் கேட்பார்:

"எங்களுக்கு மட்டும் தண்ணி டீ, தங்கச்சிக்கு மட்டும் ஸ்பெஷலா?"

"நீயும் வயித்துல புள்ளையோட வா, உனக்கும் போடறேன்."

கடையே சிரிக்கும். காலியான மாத்திரை அட்டைகளை நான் தூக்கிப் போடவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தேன். ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை என்று காட்ட வேண்டாமா?

அடுத்த பரிசோதனைக்கு அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு போனேன். ரத்தம் ஏழரை. நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"போடறியா, துப்பிடறியா?"

எனக்கு வந்ததே கோபம். டப்பாவை மேசைமேல் கவிழ்த்தேன். "இத்தப் பாருங்க. எண்ணிக்கங்க. என் கண்ணெதிர்ல முழுங்கறா. பொய் சொல்ற வம்சம் இல்ல நாங்க."

"கோவிச்சுக்காதம்மா. வெளிக்கி கறுப்பா போவுதா?"

"போவுதுங்க" என்றாள் தங்கச்சி மெதுவாக.

அப்படியென்றால் மாத்திரை வயிற்றுக்குள் போவது நிஜம்தான் என்று நர்சம்மா சொன்னார். நல்லது, வேலை செய்கிறது என்று நானும் நினைத்தேன். உள்ளே போனது உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். இனிமேல் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டாக்கினார்கள். நான் டீயையும் இரண்டாக்கினேன்.

முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல் என்று யார் எது சொன்னாலும் செய்து கொடுத்தேன். சாப்பிட்டதும் வாய் குமட்டுகிறது என்பாள். அதற்கும் ஒரு டீ. ஆனால் அவள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனாள். நகம் வெள்ளைக் காகிதம் போல ஆகிவிட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து கடைக்கு வருவதற்குள் புளியமரத்தடியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவாள். கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்குவாள்.

ஒருநாள் கடைக்குப் பின்னால் இருக்கிற விறகடுப்புப் பக்கம் போனவள் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் அடுப்பின் ஓரத்தைப் பெயர்த்து வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள். உதடெல்லாம் செம்மண்.

"அடிப்பாவி! ஈரலாக்கிப் போட்டா எறங்கல, மண்ணு எறங்குதா உனக்கு?"

"வாசனை இழுக்குதுக்கா. ராத்திரியெல்லாம் அதே நெனப்பா கீது. கொஞ்சூண்டுதான் தின்னேன்."

கையைத் தட்டிவிட்டேன். முதுகில் ஒன்று வைத்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். மண்ணைத் தின்கிறாயே, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன்னாலேதான் என்று கத்தினேன். அந்த வார்த்தையை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

ஏழாம் மாதம் ரத்தம் ஆறரைக்கு இறங்கிவிட்டது. அன்றைக்கு நர்சம்மா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் தங்கச்சியின் தாடையைப் பிடித்து அமுக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் துப்புகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் அழுதாள். "ஆண்டவர் மேல சத்தியமா முழுங்கறேன்க்கா. நீதானே பாத்துகினே கீற."

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள். இரண்டு ஏற்றியாகிவிட்டது. மூன்றாவதுக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும். வியாழக்கிழமை காலையில் கடைக்கு வந்தவள், பெஞ்சில் உட்காரப் போனவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கினாள். பெஞ்செல்லாம் தண்ணீர். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, இருக்கிறதே என்று ஆம்புலன்ஸ் போய்ச் சேருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றேகால் கிலோ. பூனைக்குட்டி கத்துகிற சத்தம்தான் கேட்டது, உடனே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். ரத்தம் போனதும் தங்கச்சிக்குக் கண் சொருகிவிட்டது. நர்சம்மா முதல் நாளே சொன்னது அப்படியே நடந்தது. அதிகம் போகவில்லையாம், போகிற அளவுதான் போனதாம், ஆனால் இவளிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். ஒன்று என் வீட்டுக்காரர் கொடுத்தது. பிழைத்தாள். டாக்டர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு மூச்சுத் திணறல். பங்குச் சாமியார் வெளியூரில் இருந்தார். சாகிற நிலையில் இருக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. அனுமதி கேட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய், பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு, விரலால் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டேன். அந்த நெற்றி என் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. பெயரும் நான்தான் வைத்தேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். ஆஸ்பத்திரி டீ வாயில் வைக்க முடியவில்லை என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் மலைக்காரப் பெண் ஒருத்தி, நிறைமாதம். சின்ன வயது டாக்டரம்மா அவளிடம் மாத்திரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத போட்டா டீ, காபி, பால் எதுவும் குடிக்கக் கூடாது. முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம். டீயோட போட்டா இரும்பு ஒடம்புல சேராது, அப்பிடியே வெளிய போய்டும். எலுமிச்சம்பழச் சாறோட போடு, நல்லா சேரும்."

என் கையில் பிளாஸ்க் இருந்தது. நான் அவர் பின்னாலேயே வராந்தா வரைக்கும் போனேன்.

"டாக்டரம்மா, டீயோட போட்டா... கொஞ்சமாவது சேருமில்லீங்களா?"

"கொஞ்சம் சேரும். ரொம்பக் கம்மி. ஏன்மா?"

"சும்மாத்தாங்க கேட்டேன்." அப்புறம் இன்னொன்றும் கேட்டேன். "மண்ணு தின்னா ரத்தம் கொறைஞ்சிடுங்களா?"

"பெரும்பாலும் தலைகீழம்மா. ரத்தம் கொறைஞ்சாத்தான் மண்ணு, அரிசின்னு தின்னத் தோணும். அது ஒரு அறிகுறி."

பிளாஸ்க்கைக் கழுவுகிற இடத்தில் கவிழ்த்தேன். கறுப்பாக ஓடிற்று. என் டீ எப்போதும் கெட்டிதான்.

மறுநாள் விடியும்போது குழந்தை போய்விட்டது.

ஊருக்கு வந்து, சின்னப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, நேராகக் கடைக்குப் போனேன். பாய்லருக்கு மேலே ஆணியில் அந்தக் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் போன அவசரத்தில் அதை எடுக்கவே இல்லை. அட்டைக்குள் மடித்து வைத்த நோட்டீஸைப் பிரித்தேன். மாத்திரை சாப்பிடும் முறை என்று போட்டு நாலே வரி. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு டீக் கோப்பைப் படம், அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. படிக்கத் தெரியாதவளுக்கும் புரியட்டும் என்றுதான் படம் போட்டிருந்தார்கள். இத்தனை மாதமும் அது என் தலைக்கு மேலேதான் இருந்தது. அழுக்குப்படக் கூடாது என்று கவரில் போட்டு வைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் அந்த நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அதுகிட்ட சொல்லாத. சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தங்கச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் மண்ணு தின்னதாலதானே அக்கா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? "உடுடி, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் சொல்லாமலே நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் களை எடுக்கப் போகமாட்டேன் என்றுவிட்டாள். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குப் புது மண் போட்டு அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவள் மண்ணைத் தொடமாட்டாள். நான் அள்ளிப் போட்டு அணைப்பேன், அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பாள். மூன்று வருஷமும் அப்படித்தான். "புள்ளைய முழுங்கினவ" என்று மாமியார்க்காரி ஒருநாள் கடை வாசலிலேயே வைத்துச் சொன்னாள். நான் அந்தக் கிழவியை நாறடித்துவிட்டேன், ரோடே வேடிக்கை பார்த்தது. அவ்வளவு பேச்சிலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்கு என் தங்கச்சி வேண்டியிருந்தது. தினமும் வந்து அந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "உன் டீ இல்லன்னா அன்னிக்கு ஒரு மாத்திரகூட எறங்கியிருக்காதுக்கா" என்று நன்றியோடு சொல்கிற தங்கச்சி. அதைக் கேட்டுக்கொண்டும் நான் தம்ளர் கழுவினேன் பாருங்கள்.

இப்போது அவளுக்கு மறுபடி நாலாம் மாதம். இந்தத் தடவை தன் வீட்டுக்காரரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பழைய நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக ஒருத்தர். ரத்தம் ஏழு. ஆரம்பமே ஏழு. மறுநாள் சரியாகப் பதினோரு மணிக்குக் கடைக்கு வந்தாள். முகம் மஞ்சளாக வெளுத்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நம்ம டீ."

நான் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தண்ணீர் விட்டு எடுத்துப்போய் நீட்டினேன்.

"இன்னாக்கா இது? டீ குடு. எனக்குக் கொமட்டும்."

"டீ கூடாது. டீயோட போட்டா மாத்திர உடம்புல சேராது."

"யாரு சொன்னா?"

புது நர்சு சொன்னார், போனில் பார்த்தேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் நாலு பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மாத்திரை அவள் கையில் இருந்தது. இவள் நம்பவில்லை என்றால் வீட்டுக்குப் போய் டீயோடு போட்டுக்கொள்வாள்.

"ஆஸ்பத்திரில டாக்டரம்மா சொன்னாங்க."

"எந்த ஆஸ்பத்திரில? எப்போ?"

"அப்போ. நீ படுத்துகினு இருந்தப்போ. புள்ள பெட்டியில இருந்தப்போ."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், தம்ளரை வீசுவாள் என்று நினைத்தேன். வீசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அப்போ," என்றாள், "நான் மண்ணு தின்னதால இல்லியா?"

"இல்லடி."

"இல்லன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

தலையை ஆட்டினேன். அவள் மாத்திரையை வாயில் போட்டு, எலுமிச்சைத் தண்ணீரை நிறுத்தாமல் கடைசிவரை குடித்தாள். குமட்டிக்கொண்டு வந்தது, கையால் வாயைப் பொத்தி அடக்கினாள். தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். போகும்போது அக்கா என்று கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் கடைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை. எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன், அது அப்படியே திரும்பி வந்தது. அவள் வீட்டுக்காரர் டீ குடிக்க எதிர்க் கடைக்குப் போகிறார். ரத்தம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று எனக்கு யாரும் சொல்வதில்லை. நானும் யாரைப் போய்க் கேட்பேன்?

செவ்வாய்க்கிழமை காலையில் சுகாதார நிலையத்துக்கு ரோட்டின் அந்தப் பக்கமாகவே நடந்து போகிறாள். புளியமரத்தடியில் நின்று மூச்சு வாங்குகிறாள். போன மாதம் ஒருமுறை நின்றாள். இந்த வாரம் மரத்துக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே இரண்டுமுறை நின்றுவிட்டாள். நான் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றபடி, அவள் எத்தனை முறை நிற்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.